வீட்டுச் சுவரும் நீரின் வேலையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு உரிய சொற்பொழிவு)



கிராமவாசி பெரும்பாலும் தன் ஆயுட்காலத்தில் ஒரு முறையே வீடு கட்டுகிறான். அவன் சேமித்த பொருளும், நகையின் பேரில் வாங்கிய பணமும், சங்கத்திலே பெற்ற கடனும் ஒன்று சேர்ந்து சுவராகவும் கூரையாகவும் நிற்கின்றன. கடனையோ பல வருஷங்கள் தவணை தவணையாகச் செலுத்தவேண்டும். அக்கடன் தீருமுன்னே சுவர் உதிரத் தொடங்குமாயின், தேய்ந்துபோன வீட்டுக்கு அக்குடும்பம் முழுக்கடனைச் செலுத்த நேரிடும். ஆகவே, சுவர் எதனால் கெடுகிறது, அக்கேட்டைத் தடுப்பது எங்ஙனம் என்பவை கொத்தனார் மட்டும் அறியவேண்டிய விஷயங்கள் அல்ல. கடன் வாங்குவோரும் கடன் கொடுக்கும் சங்கமும் அவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

விருத்தாசலத்தைச் சுற்றிய கிராமங்களில் முன்னாளில் மண்சுவரும் நாட்டுச் செங்கற்சுவருமே மிகுதி. இக்காலத்தில் ஹாலோ பிளாக் எனப்படும் காங்கிரீட்டுக் கற்கள் பெரிதும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. சிமெண்டு, மணல், சிறு ஜல்லி ஆகியவற்றைச் சிறிதளவு நீருடன் கலந்து, அச்சில் இட்டு அதிர்த்து அழுத்தி, நடுவே பொள்ளல் விட்டுச் செய்வது இக்கல். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஹார்மன் பாமர் என்பவர் இதற்கான யந்திரத்துக்கு 1900-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பிறகே இது உலகெங்கும் பரவியது. 400 மில்லிமீட்டர் நீளமும், 200 அகலமும், 200 உயரமும் உள்ள ஒரு கல் ஏறக்குறைய எட்டுச் செங்கற்களின் இடத்தை அடைக்கும். கலவையும் கூலியும் குறைகின்றன. சுவரும் விரைவில் எழும்புகிறது. இவை மெய்யான லாபங்களே. ஆயினும் கல் நல்லதாயிருந்தால்தான் இந்த லாபம் நிலைக்கும்.

கல் நல்லதா அன்றா என்பதை அறிவதற்கு விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலே தக்க பாடம் கற்பிக்கிறது. இவ்வூர்த் தொழிற்பேட்டையில் பொம்மைகளும், அகல்விளக்குகளும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும் செய்யப்படுகின்றன. மெருகு பூசாமல் ஒரு முறை மட்டும் சுட்ட பாண்டத்தை நாவில் வைத்தால், அது நாவைப் பற்றி இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் அதில் நிறைந்திருந்து ஈரத்தை உறிஞ்சுவதே அதற்குக் காரணம். மெருகேற்றிச் சுட்ட பீங்கானோ ஈரத்தை ஏற்பதில்லை. மின்சாரச் சாமானில் துவாரம் இருந்தால் நீர் புகுந்து மின்சாரம் கசியும். ஆகையால் மண்ணை நுண்ணிதாக அரைத்து, கடும் வெப்பத்தில் துவாரங்கள் அடையும்வரை சுடுகிறார்கள். காங்கிரீட்டுக் கல்லும் துவாரமுள்ள பொருளே. அத்துவாரங்களில் எவ்வளவு நீர் புகும் என்பதைப் பொறுத்தே சுவரின் ஆயுள் அமைகிறது.

நீரினால் சுவருக்கு நேரும் தீங்கு குளிர்ப் பிரதேசங்களில் வெளிப்படையாகக் காணப்படுவதால், முதலில் அதைக் கவனித்தல் நலம். லடாக்கிலுள்ள லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக்கும் அதிகமாக இறங்குவதுண்டு. பகலிலே வெயில் பட்ட பனி உருகிச் சுவரடியில் ஊறுகிறது. இரவிலே அந்நீர் கல்லின் துவாரங்களுக்குள்ளேயே உறைகிறது. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும், நீரோ விரியும். 100 படி நீர் உறைந்தால் ஏறக்குறைய 109 படி பனிக்கட்டியாகும். துவாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் நிறைந்திருந்தால், விரியும் பனிக்கட்டிக்கு இடம் போதாது. அது கல்லையே பிளக்கத் தொடங்குகிறது. மறுநாள் உருகிய நீர் அப்பிளவிலும் புகுகிறது. இரவில் மீண்டும் உறைகிறது. இவ்வாறு பல குளிர்காலங்கள் கழிந்தால் கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

இதில் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உலர்ந்த கல்லுக்கு உறைபனியால் இத்தீங்கு நேர்வதில்லை. நீர் நிறைந்த கல்லே உடைகிறது. அதனால்தான் பனி நாட்டார் குளிரைத் தடுக்க முயல்வதோடு நில்லாமல், சுவரில் நீர் ஏறாதபடி முதலில் ஏற்பாடு செய்கிறார்கள். கல்லை நெருக்கமாக அழுத்திச் செய்கிறார்கள். சுவரடியைத் தரைக்கு மேல் உயர்த்துகிறார்கள். கூரையை வெளியே நீட்டுகிறார்கள். பொள்ளலுக்குள் புகுந்த நீர் வெளியேறும்படி சுவரின் அடிவரிசையில் சிறு வழிகள் விடுகிறார்கள். சாலைக் காங்கிரீட்டுக்கு வேறோர் உபாயமும் 1930-களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. கலவையிலே மிக நுண்ணிய காற்றுக் குமிழிகள் பரவியிருந்தால், உறையும் நீருக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. ஆனால் குறைந்த நீருடன் அழுத்திச் செய்யும் கற்களில் அவ்வுபாயம் அத்துணை பயன் தருவதில்லை. நெருக்கமான கல்லும், நீர் அணுகாத சுவருமே அங்கே முக்கியமான காப்பு.

விருத்தாசலத்திலே உறைபனி இல்லை. தமிழ்நாட்டில் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. சமவெளியில் அதுவும் இல்லை. ஆயினும் பனிக்கட்டி லேயிலே செய்யும் வேலையை இங்கே உப்பு செய்கிறது. நிலத்து ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவரில் ஏறுகிறது. அதனோடு மண்ணிலுள்ள உப்பும் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகி நீங்க, உப்பு மட்டும் துவாரங்களில் தங்கிப் பளிங்காகி வளர்கிறது. வளரும் பளிங்கு, விரியும் பனிக்கட்டியைப் போலவே துவாரத்தின் சுவர்களை நெருக்குகிறது. வெள்ளைப் பூப்பு தோன்றி, பூச்சு பொரிந்து, கல்லும் மாவாக உதிர்வதைச் சுவர் உவர் ஏறிவிட்டதாக ஜனங்கள் சொல்வர். லேயில் பனியும் வெயிலும் மாறி மாறி வருவதுபோல, இங்கே வடகிழக்குப் பருவமழையும் கோடையும் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு நனைவும் ஒவ்வொரு உலர்வும் அப்பளிங்கை இன்னும் சிறிது வளர்க்கின்றன.

மழையின் வேகத்தையும் மறத்தலாகாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கடலூர் ஜில்லாவில் எண்ணற்ற குடிசைகள் அழிந்தன. அதன் பின்னர் கெட்டியான வீடுகளின்மீது ஜனங்களுக்கு நாட்டம் மிகுந்தது இயல்பே. ஆனால் புயல்மழை கூரையின்மேல் மட்டும் பெய்வதன்று; காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் சுவரைத் தாக்கும். காற்றைத் தாங்கும் சுவர் நீரையும் தாங்கவேண்டும்.

இனி நல்ல கல்லைச் செய்யும் முறையைக் கவனிக்கலாம். பீங்கானுக்கு உறுதி தருவது சூளை; காங்கிரீட்டுக்கு உறுதி தருவது ஈரம். சிமெண்டு நீரோடு சேர்ந்து பல நாள் வினைபுரிந்து, துவாரங்களைச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டே வருகிறது. ஈரம் வற்றினால் அவ்வினை நின்றுபோகும். கட்டிய சுவருக்குப் பகையான நீர், புதிய கல்லுக்கு உயிராயிருக்கிறது. இந்தியத் தரவிதிப்படி அச்சிலிருந்து எடுத்த கற்களைக் குறைந்தது 14 நாள் இடைவிடாமல் ஈரமாக வைத்திருக்கவேண்டும். இதையே பட்டறையில் கியூரிங் என்பர். அதன் பின்னர் 4 வாரம் உலரவிட்டே சுவரில் வைக்கவேண்டும். புதிய கல் உலரும்போது சிறிது சுருங்கும். அச்சுருக்கம் முடியுமுன் கட்டினால், சுவரே சுருங்கி வெடிப்புக் காணும். வெடிப்பு மழைநீருக்குத் திறந்த வாசலாகும்.

இரண்டு மூன்று நாள் நீர் தெளித்துவிட்டு, வெளுத்துக் காய்ந்த கல்லை வண்டியேற்றி விற்பது இவ்விதிக்கு முரணானது. அக்கல் விலையில் மலிவாயிருக்கலாம். கண்ணுக்கும் நன்றாகவே தோன்றும். அதன் குறை நாலைந்து மழைக்காலம் சென்றே வெளிப்படும். அப்போது விற்றவரிடம் முறையிட்டுப் பயனில்லை.

கல்லைச் சோதிக்கும் எளிய முறை ஒன்றுண்டு. நன்றாக உலர்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் மூழ்க வைத்து, மேலீரம் துடைத்து மீண்டும் நிறுக்கவேண்டும். தரவிதிப்படி மூன்று கற்களின் சராசரியில், உறிஞ்சிய நீர் கல்லின் எடையில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்படலாகாது. உலர்ந்த கல் 20 கிலோ இருந்தால், நனைந்த பின் 22 கிலோவைத் தாண்டலாகாது. பரிசோதனைச்சாலையில் கல்லை உலர்த்த 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுள்ள அடுப்பைப் பயன்படுத்துவர். கிராமத்திலோ சில நாள் கடும் வெயிலில் உலர்த்திப் பார்த்தாலும், மிகவும் குறைபட்ட கல்லை இனம் கண்டுகொள்ளலாம். ஒரு தராசும் ஒரு தொட்டியும் இருந்தால் போதும்.

கலவைக்கு உபயோகிக்கும் நீரும் மணலும் உப்பற்றவையாயிருத்தல் வேண்டும். கம்பியில்லாத காங்கிரீட்டுக்குரிய நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கும், கம்பியிட்ட காங்கிரீட்டுக்குரிய நீரில் 500 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது தரவிதி. உவர்நீர்க் கிணறுகள் உள்ள கிராமங்களில் நீரைச் சோதிக்காமல் வேலை தொடங்குவது, உதிரும் சுவருக்கு விதை விதைப்பதாகும்.

கட்டும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. செங்கல்லைக் கட்டுமுன் நீரில் ஊறவைப்பது கொத்தனாரின் நெடுநாள் வழக்கம். செங்கல்லுக்கு அது சரியே. காங்கிரீட்டுக் கல்லை அவ்வாறு ஊறவைக்கலாகாது. மேற்பரப்பைச் சிறிது நனைத்தால் போதும். ஊறவைத்தால், உலர்ந்து சுருங்கி முடிந்த கல் மீண்டும் பருத்து, சுவரிலே மறுபடி சுருங்கும். கலவையில் சிமெண்டு அதிகமாயிருந்தால் சுவர் பலமாகும் என்பதும் தவறான எண்ணமே. கலவை கல்லைவிடக் கடினமாயிருந்தால், வெடிப்பு கலவையில் விழாமல் கல்லிலே விழும். 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் சாதாரண வீட்டுச் சுவருக்குப் போதுமானது.

வீட்டின் அடிமட்டம் சுற்றுத் தரையைவிட 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். அதன்மேல் சுவர் எழும்புமுன், நிலத்து ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்றை இடைவெளியின்றி இடவேண்டும். சுவர் கெடுவதைத் தடுக்கும் வேலைகளில் செலவிற் குறைந்ததும் பலனில் மிகுந்ததும் இதுவே. கட்டி முடித்த பின் இதைச் செய்வதோ மிகவும் கடினம். ஜன்னல்களின் மேல் சன்ஷேடு வைத்து, அதன் அடிப்புற விளிம்பில் நீர் சொட்டி விழும்படி ஒரு காடி விடவேண்டும். மூலைகளில் பொள்ளலுக்குள் கம்பி நிறுத்திக் காங்கிரீட்டு நிரப்பி, வாசல் ஜன்னல்களின் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரே கட்டாகக் கம்பியிட்ட பட்டை போடுவது புயலுக்கு ஏற்ற பாதுகாப்பாகும்.

முன்னரே உவர் ஏறிய சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சை அடர்த்தியாகப் பூசுவது பலரும் செய்யும் காரியம். அது நோயை மூடிவைப்பதே ஒழியத் தீர்ப்பதன்று. வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேற்பட்ட இடத்தில் உவரைக் காட்டும். ஈரம் ஏறும் வழியை முதலில் அடைத்து, பழைய பூச்சைச் செதுக்கி, உப்பைத் தட்டி அகற்றி, சுவரை நன்கு உலரவிட்டு, மூச்சு விடக்கூடிய சுண்ணாம்புப் பூச்சு இடுவதே நன்று.

இக்காரியங்களில் பலவற்றைத் தனி மனிதன் செய்துகொள்வது அரிது. நூறு கல் வாங்குபவன் பட்டறைக்குச் சென்று, பதினான்கு நாள் நீர் தெளித்தீர்களா என்று கேட்டால், அவன் சொல்லுக்கு மதிப்பு இராது. பத்து அங்கத்தினர்களுக்காகப் பல்லாயிரம் கல் ஒருமிக்க வாங்கும் சங்கம் கேட்டால், பதில் சொல்லியே தீரவேண்டும். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது, தனித்து நிற்பவனுக்குக் கிடைக்காத நியாயமான வட்டியைச் சேர்ந்து நிற்பவர்களுக்குக் கிடைக்கச் செய்வதற்காகவே. வட்டிக்குப் பொருந்தும் அந்நியாயம் கல்லுக்கும் பொருந்தும்.

சங்கம் செய்யத்தக்கவை சிலவே. கல் வார்த்த தேதியை ஒவ்வொரு அடுக்கின்மேலும் எழுதச் செய்யலாம். நிறுத்துப் பார்த்த கணக்கை ஒரு பதிவேட்டில் குறித்து, அங்கத்தினர் அனைவரும் பார்க்கும்படி வைக்கலாம். ஈரந்தடுக்கும் அடுக்கு இட்டதை நேரில் பார்த்த பின்னரே, சுவருக்குரிய கடன் தவணையை அளிப்பது என்று தீர்மானிக்கலாம். இதனால் கடன் பெறுவோர்க்குச் சில வாரம் தாமதம் ஏற்படலாம். ஆறு வாரம் பொறுத்துக் கட்டிய சுவர், கடன் தீர்ந்த பிறகும் பிள்ளைகளுக்கு நிழல் தந்து நிற்கும்.