அளவறிந்த விருந்தோம்பல்

தாணுமாலயப் பெருமான் திருவருள் முன்னிற்க!

 

இல்வாழ்வான் பேண வேண்டியவர் ஐந்து திறத்தார் என்பார் திருவள்ளுவர். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்பது அவர் வகுத்த வரிசை. இவ்வரிசையில் விருந்தினர் நடுவில் நிற்பதை உற்றுநோக்குதல் வேண்டும். ஒருபுறம் கண்ணுக்குப் புலனாகாத முன்னோரும் தெய்வமும். மறுபுறம் கண்ணெதிரே வாழும் சுற்றமும் தானும். இடையில் நிற்பவர் வாயிலில் வந்து நிற்கும் விருந்தினர். அவரைப் பேணாத இல்லறம் நடுத்தூண் இல்லாத மண்டபம் போன்றது.

விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். புதுமையைக் குறித்த அச்சொல், புதிதாக வீட்டுக்கு வந்தவரைக் குறித்தது. பின்னர் வந்தவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. இன்றோ, விருந்து என்றவுடன் நெஞ்சில் தோன்றுவது வந்தவர் முகமன்று. இலை நிறைந்த கறிவகைகளே. சொல்லின் பொருள் ஆளை விட்டு இலைக்குப் பெயர்ந்துவிட்டது. அதனால் விளைந்த துன்பங்கள் பல.

அத்துன்பங்களை இருவகை இல்லங்களில் காணலாம். ஓர் இல்லத்தார், சம்பந்தி வீட்டார் வருகின்றனர் என்றால், வட்டிக்கு வாங்கியேனும் பத்துப் பதினைந்து கறி படைக்கின்றனர். உண்டவர் மறுநாளே ஊர் திரும்பிவிடுகின்றனர். வாங்கிய கடனோ அவ்வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மற்றோர் இல்லத்தார், இன்றைய விலைவாசியில் ஒருவரை அழைக்க இயலுமா என அஞ்சி எவரையும் அழைப்பதே இல்லை. அவ்வீட்டு முதியோர் பேச்சுத்துணையின்றி வாடுகின்றனர்; பிள்ளைகள் மாமனையும் அத்தையையும் மணப்பந்தலில் மட்டுமே காண்கின்றனர். கடனும் தனிமையும் வெவ்வேறு நோய்களாகத் தோன்றினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. விருந்து என்பது செலவு என்னும் தவறான எண்ணமே அவ்வேர்.

இவ்வெண்ணத்தைத் திருத்த நாஞ்சில் நாட்டின் பழஞ்செய்தி ஒன்றே போதுமானது. சங்க காலத்தில் நாஞ்சில் மலைக்குத் தலைவனாக விளங்கியவன் நாஞ்சில் வள்ளுவன். பலாமரங்கள் செழித்த மலை அது. அவனிடம் ஔவையார் சென்றார். உடன் வந்த விறலியர் மனையருகே கீரை கொய்து வைத்திருந்தனர். அக்கீரையின்மேல் தூவிச் சமைக்கச் சிறிது அரிசி வேண்டும் என்றார் ஔவையார். வள்ளுவனோ கேட்டவர் தேவையை எண்ணாது தன் தகுதியை எண்ணினான்; மலைபோன்றதோர் யானையைக் கொடுத்தான். இப்படியும் அளவு தெரியாத ஒரு கொடை உண்டோ என்று வியப்பும் நகையும் தோன்ற ஔவையார் பாடினார். புறநானூற்றின் 140-ஆம் பாடல் இச்செய்தியைத் தாங்கி நிற்கின்றது.

அன்பர்களே! இப்பாடலைப் புலவர்கள் வள்ளுவனின் வள்ளன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். அது முற்றிலும் உண்மையே. ஆயினும் இல்லறத்தார் அறிய வேண்டிய பாடம் ஒன்றும் அதனுள் உண்டு. வந்தவர் வேண்டியது ஒரு பிடி அரிசி. யானை வந்தது கொடுத்தவனின் பெருமிதத்திலிருந்து. மலைக்குத் தலைவனுக்கு யானை தகும். மாதச் சம்பளத்தில் வாழ்வோரும் நாள்கூலி பெறுவோரும் யானை கொடுக்க முற்பட்டால் என்னாகும்? வந்தவர் பசி ஒரு பிடி அரிசியில் தணியும். படைப்பவர் பெருமை எத்தனை கறி படைத்தாலும் தணியாது.

விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, வேறோர் இடத்தில் அளவையும் வற்புறுத்தினார். வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாதவரை கேடில்லை என்றும், தன்னிடம் உள்ளதன் அளவை ஆராயாமல் செய்யும் உதவி செல்வத்தின் அளவையே விரைவில் தேய்த்துவிடும் என்றும் வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தில் உணர்த்தினார். விருந்தோம்புக என்றவரும் அளவறிக என்றவரும் ஒருவரே. இரண்டும் முரண்பட்டவை அல்ல. இன்று அளவறிந்து இட்டவனே நாளையும் இடுவான். இன்று எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தவன் நாளை வருபவருக்குக் கதவடைப்பான்.

இனி, ஏதும் இல்லாத இல்லம் என்ன செய்யும் என்று சிலர் வினவலாம். பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் பாடிய இளையான்குடிமாற நாயனார் வரலாறு இதற்கு விடை. நாள்தோறும் அடியார்க்கு அமுதிட்ட மாறனார் திருவருட் சோதனையால் வறுமையுற்றார். மழை பொழியும் நள்ளிரவில் சிவபெருமான் அடியாராக வந்து வாயிலில் நின்றார். வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. கடன் தருவாரும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல் உண்டே என்று நினைவூட்டியவர் மனைவியார். இருளில் சென்று அந்நெல்லை வாரிவந்தவர் கணவர். விறகு இல்லாமையால் வீட்டின் கூரை வரிச்சுகளை அறுத்துத் தந்தவரும் அவரே. கொல்லையில் முளைத்திருந்த குறுங்கீரையைப் பறித்துத் தர, மனைவியார் அவ்வொன்றையே தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறிகளாகச் சமைத்தார். உண்ண அழைத்தபோது பெருமான் சோதியாய்த் தோன்றி அருள்புரிந்தார்.

விதைநெல்லை எடுப்பதும் கூரையை அறுப்பதும் நாயன்மார்க்கே உரிய செயற்கருஞ் செயல்கள். அவற்றை வணங்குதல் வேண்டும். அப்படியே செய்தல் எல்லார்க்கும் ஆவதன்று. ஆனால் அவ்வரலாற்றில் எல்லார்க்கும் ஆகக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, கொல்லைக் கீரையைப் பலவகைக் கறியாக்கும் திறம். மற்றொன்று, கணவனும் மனைவியும் வேலையைப் பகிர்ந்துகொண்டமை. விருந்தினரோடு திண்ணையில் அமர்ந்து பேசுவது கணவன் கடமை, அடுப்படியில் வேர்த்து நிற்பது மனைவி கடமை என்று மாறனார் இல்லத்தில் பிரித்து வைக்கவில்லை. ஒருத்தியின் முதுகில் மட்டும் ஏற்றப்படும் விருந்து நெடுநாள் நடவாது.

கொல்லையை நம்பிச் சமைக்கும் அத்திறம் நாஞ்சில் நாட்டு அடுக்களையில் தொன்றுதொட்டு விளங்கிவருவது. அவியலை எண்ணிப் பார்க்கலாம். ஒரே காயை மிகுதியாக வாங்க வேண்டுவதில்லை. வாழைக்காயில் ஒன்று, சேனையில் ஒரு துண்டு, முருங்கைக்காய் இரண்டு, வெள்ளரி, கத்தரி, புடலை என வீட்டில் கிடப்பவை யாவும் அதில் அடங்கும். தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, கறிவேப்பிலை இட்டுத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் சிறுசிறு எச்சங்கள் எல்லாம் பந்தியில் முதன்மை பெறுகின்றன. வாழையின் பூ, காய், தண்டு மூன்றும் கறியாகும், இலை உண்கலமாகும். நாஞ்சில் நாட்டார் சக்கை என வழங்கும் பலாவின் பிஞ்சு துவரனாகும், சுளை கனியாகும், கொட்டையும் அவியலில் சேரும். எதையும் வீணாக்காமை வறுமையின் அடையாளமன்று, அறிவின் அடையாளம்.

அவ்வறிவு பஞ்ச காலத்தில் உயிர்காத்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியமாக விளங்கியது. 1906-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை அவ்விளைவுக்கு அரணாயிற்று. ஆயினும் அரசு முழுவதற்கும் அந்நெல் போதாது. பர்மா அரிசியையும் நம்பியிருந்தனர். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைப்பட, அவ்வரிசியின் வரவு நின்றது. அப்போது மக்கள் பசியைப் பெரிதும் ஆற்றியது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவால் ஊக்குவிக்கப்பெற்ற பயிர் அது. அவித்த கிழங்கும் கஞ்சியுமே வீட்டாருக்கும் வந்தவருக்கும் உணவான காலம் அது. வீட்டார் உண்பதையே வந்தவருக்கும் இடுவதில் இழிவு ஏதும் இல்லை.

சிக்கனம் என்பதும் உலோபம் என்பதும் ஒன்றல்ல. உலோபி தானும் உண்ணான், பிறர்க்கும் இடான். சிக்கனம் உடையவன் பிறர்க்கு இடுவதற்காகவே தன் செலவைச் சுருக்குவான். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒத்திருக்கலாம். வாயிலில் ஒருவர் வந்து நிற்கும்போது வேறுபாடு விளங்கிவிடும்.

இவ்வறத்தை நாள்தோறும் கடைப்பிடிக்கச் சில எளிய நெறிகள் உண்டு.

முதலாவது, வீட்டில் வழக்கமாகச் சமைப்பதோடு ஒன்றே ஒன்றைக் கூட்டுதல் போதும். சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு துவரன், மோர் என்பது அன்றாட உணவாயின், விருந்தினர்க்காக ஒரு பப்படமோ சிறுபயற்றுப் பாயசமோ சேர்க்கலாம். மாலையில் வருபவர்க்குக் கஞ்சியும் காணத் துவையலும் கருப்பட்டிக் காப்பியும் குறைவானவை அல்ல.

இரண்டாவது, பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குதல். விலை ஏறிய காயைத் தேடி அலைவது நாவுக்காக அன்று. பெரும்பாலும் ஊராரின் கண்ணுக்காகவே.

மூன்றாவது, பிடியரிசி எடுத்துவைத்தல். உலையில் இடுமுன் நாள்தோறும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இடும் வழக்கம் பழைய இல்லங்களில் இருந்தது. ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் எனக் கொண்டால், 30 நாளில் 1,500 கிராம் சேரும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி எனக் கணக்கிட்டால் 12 பேருக்கு உணவு ஆகும். வீட்டார் ஒருவரும் பசித்திராமல், மாதந்தோறும் 12 பேரை உண்பிக்கும் செல்வம் இவ்வாறு ஓர் ஏழை இல்லத்திலும் சேர்கிறது.

நான்காவது, சிறிது சிறிதாகப் பலமுறை பரிமாறுதல். உபசாரம் என்னும் பெயரால் வேண்டா என்பவர் இலையிலும் குவிப்பது அன்னத்தை அவமதிப்பதாகும். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எறிந்த சோற்றின் கணக்கு எறிந்தவர் வீட்டு வரவு செலவிலும் ஏறியே தீரும்.

ஐந்தாவது, முகமும் சொல்லும். மோந்தால் வாடும் மென்மலரினும் விருந்தினர் உள்ளம் மெல்லியது; முகம் சற்றே மாறினும் அது வாடிவிடும் என்பது வள்ளுவர் கருத்து. விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறல் என்னும் அதிகாரத்தை அவர் வைத்தமை எண்ணத்தக்கது. துரியோதனன் மாளிகை விருந்தை மறுத்த கண்ணபிரான் விதுரர் இல்லத்து எளிய உணவை உவந்து ஏற்றதும் இவ்வுண்மை பற்றியே. இன்முகத்துக்குச் செலவில்லை. அது இல்லாவிடின் அறுசுவையும் கசக்கும்.

விருந்தினராகச் செல்வோர்க்கும் கடமை உண்டு. இயன்றவரை முன்னரே தெரிவித்துச் செல்லுதல், இட்டதை மிச்சம் வையாது உண்ணுதல், ஒரு வீட்டு உணவை மற்றொரு வீட்டில் ஒப்பிட்டுப் பேசாதிருத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இல்லத்தாரைக் கடனில் தள்ளுவது பசியன்று; உண்டு சென்றவர் ஊரில் பேசும் பேச்சே. அப்பேச்சை நிறுத்தினால் பல இல்லங்களின் கதவுகள் மீண்டும் திறக்கும்.

எளிய உணவே பெரிய அறமாவதைப் பொதுவிடங்களிலும் காணலாம். வடலூரில் 1867-ஆம் ஆண்டில் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையில் ஏழைகளின் பசியாற்றும் பணி இன்றும் தொடர்கிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரவர் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்கின்றனர். தமிழகத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. அப்பந்தியில் அமர்பவர், கறி எத்தனை என்று எண்ணுவதில்லை. இறைவன் திருமுன்னர் இட்ட சோறு என்று கண்ணில் ஒற்றி உண்கின்றனர். கோயிலில் தெய்வம் இடுவதாகக் கொள்ளும் எளிய உணவை, வீட்டில் தெய்வமே வந்து உண்பதாகக் கொண்டு இடுதல் விருந்தோம்பலாகும்.

ஆகவே அன்பர்களே! கடன் வாங்கிப் படைக்கவும் வேண்டா. செலவுக்கு அஞ்சிக் கதவடைக்கவும் வேண்டா. இம்மாதத்திலேயே உறவினர் ஒருவரையோ, தனித்து வாழும் அண்டை வீட்டு முதியவரையோ அழைத்து, வீட்டில் உள்ள உணவை உடனிருந்து உண்பித்தல் நலம். ஔவையார் கேட்ட ஒரு பிடி அரிசி எல்லார் வீட்டிலும் உண்டு.

இல்லறம் இனிது தழைக்க! பசியும் பிணியும் நீங்குக! தாணுமாலயன் திருவருள் எங்கும் சிறக்க!