14 நாளா, 6 மாதமா?



மருத்துவச் செய்தி எழுதுகிறவர் என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்? வாராவாரம் சர்க்கரை நோய்க்கு வெந்தயம் சொல்கிறவர். நான் இன்று பேச வந்தது வேறொருவரைப் பற்றி. லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய பிரையன் டீர். டாக்டர் அல்ல, படித்தது தத்துவம். 1986இலேயே கருத்தடை மாத்திரை ஆய்வு மோசடி ஒன்றை வெளியே கொண்டுவந்தவர்.

1998 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை. முதல் ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. ஆராய்ந்த குழந்தைகள் எத்தனை பேர்? வெறும் 12! அதை வைத்துக்கொண்டு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியால் ஆட்டிசம் வருமோ என்ற பயத்தைக் கிளப்பிவிட்டார். அந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கியது யார்? எங்கள் பத்திரிகை உலகம்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

டீர் என்ன செய்தார்? 2003இல், அந்தப் பன்னிரண்டில் ஒரு குழந்தையின் தாயைத் தேடிப்போய் உட்கார்ந்தார். ஊசிக்குப் பிறகு எப்போது மாற்றம் தெரிந்தது என்று விசாரித்தார். அந்த அம்மா சொன்ன கணக்கு ஏறக்குறைய 6 மாதம். அச்சான கட்டுரையிலோ 14 நாள்! பெரிய பெரிய நிபுணர்கள் கண்ணில் படாதது, ஒரு தாயிடம் தேதி கேட்டவர் காதில் விழுந்தது.

அப்புறம் விடவில்லை மனிதர், தோண்டிக்கொண்டே போனார். ஊசி நிறுவனங்கள் மீது வழக்குப் போட முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டு வாங்கிய ஊதியம் 4,35,643 பவுண்டு, செலவுத்தொகை தனி. இன்னொன்று கேளுங்கள். வேக்ஃபீல்டு தன் மகனின் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து, ஆய்வுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார். கேக் வெட்டிய வீட்டில் ஊசி, ஐயா!

டீர் மீது வேக்ஃபீல்டின் அவதூறு வழக்குப் பாய்ந்தது. இரண்டு ஆண்டு இழுத்து, போட்டவரே 2007இல் திரும்பப் பெற்று, செலவையும் கட்டினார்.

2010 பிப்ரவரியில் 'லான்செட்' அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டது. மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் இங்கிலாந்தில் தட்டம்மை திரும்பி வந்துவிட்டிருந்தது. கட்டுரை வெளியான வாரத்தில் பிறந்த குழந்தை, அது விலக்கப்பட்டபோது நம் ஊர்க் கணக்குக்கு ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தது.