ஆர்.ஏ. ஃபேக்டர் நெகடிவ் – அதற்குப் பிறகு?

(பழைய மாணவர் சந்திப்பின் முதல் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியதை மலருக்காகச் சற்றே சுருக்கித் தந்திருக்கிறேன்.)



மூட்டுவாதம் பற்றிப் பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதல் ஐந்து நிமிடத்தை ஒரு கதைக்கு எடுத்துக்கொள்கிறேன். கதை நம் விடுதியில் நடந்தது. கதாநாயகன் என் அறைத் தோழன். இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லப் போவதில்லை. நேற்றே அனுமதி கேட்டேன். "தாராளமா சொல்லு, ஆனா என் பார்மகாலஜி மார்க்கை மட்டும் சொல்லிடாதே" என்றான்.

1982. நாங்கள் மூன்றாம் ஆண்டு. விடிகாலை மூன்று மணிக்கு இவன் எழுந்து வராந்தாவில் நடப்பான். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து படுப்பான். வாட்ச்மேன் பேய் என்று நினைத்துப் பயந்துபோனது தனிக்கதை. நாங்கள் "பரீட்சைப் பயம்" என்று கேலி செய்தோம். காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. என்னைக் கட்டிவிடச் சொல்வான். அதே ஆள் சாயங்காலம் வாலிபால் கோர்ட்டில் எகிறி எகிறி அடிப்பான். "வார்டு ரவுண்ட்ஸுக்கு மட்டும் உனக்கு முதுகு வலிக்குமாடா?" என்று நானே கேட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் குதிகால் வலி. எம்.சி.ஆர். செருப்பு வாங்கினான். அதற்கடுத்த வருஷம் ஒரு கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போர்வையை மூடிக்கொண்டு கிடந்தான். மெட்ராஸ் ஐ என்று சொல்லி அறையை விட்டே ஓடினோம்.

மூன்று மணி நடை, லேஸ், வாலிபால், குதிகால், கண். இன்றைக்கு மாணவர்களுக்கு இந்த ஐந்தையும் சொன்னால் பாதிப் பேர் பதில் சொல்லிவிடுவீர்கள். அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

1987-ல் நான் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி வந்தான். ரத்தம் எடுத்து ஆர்.ஏ. ஃபேக்டர் பார்த்தேன். நெகடிவ். ஈ.எஸ்.ஆர். சுமாராகத்தான் இருந்தது. சீட்டில் என் கையால் எழுதினேன்: 'வாத நோய் இல்லை. ஓய்வு எடுக்கவும்.' அந்த ஓய்வுதான் அவனுக்குக் கொடுக்கக்கூடாத மருந்து! 1990-ல் வேறொரு ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு பக்கமும் சாக்ரோ இலியாக் மூட்டு ஒட்டிப்போயிருந்தது. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். வலி தொடங்கி எட்டு வருஷம். அதில் மூன்று வருஷம் என் கணக்கு.

சரி, நான் எங்கே தவறினேன்? ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது நம் உடம்பின் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளுக்கு எதிராகவே உண்டாகும் இன்னொரு எதிர்ப்பொருள். நார்வேயில் வாலர் 1940-லும், அமெரிக்காவில் ரோஸ் 1948-லும் கண்டு சொன்னது. முடக்குவாதக்காரர்கள் நூறு பேரில் இருபது முப்பது பேருக்கு இது இருக்காது. மறுபக்கம், காசநோயிலும், ஹெபடைடிஸ் சி-யிலும், இதய உள்ளுறை அழற்சியிலும், ஒரு வியாதியும் இல்லாத தாத்தா பாட்டிகளிடமும் பாசிடிவ் வரும். முதுகெலும்பு வாதத்திலோ, சொரியாசிஸ் வாதத்திலோ இது பெரும்பாலும் நெகடிவ்தான். நெகடிவாக இருப்பது அந்த நோய்களின் சுபாவம். லீட்ஸ் நகரில் மோல், ரைட் குழுவினர் 1974-லேயே இவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்து எழுதிவிட்டார்கள். எச்.எல்.ஏ.பி 27 தொடர்பு 1973-லேயே வெளிவந்தது. நான் சீட்டு எழுதியபோது இரண்டும் நூலகத்தில் இருந்தன, படிக்காதது நான்தான்.

ஆகவே நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. எந்த வயதில் ஆரம்பித்தது? நாற்பதுக்கு முன்பா? ராத்திரியின் பின்பாதியில் வலி எழுப்புகிறதா? காலையில் விறைப்பு அரை மணிக்கு மேல் இருக்கிறதா? நடந்தால் குறைகிறதா, படுத்தால் குறைகிறதா? மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர் "படுத்தா தேவலை டாக்டர்" என்பார். இவர் "படுத்தா கூடுது, நடந்தா தேவலை" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வாங்க இரண்டு நிமிடம் போதும். கண் சிவந்ததுண்டா? சிவந்தபோது பீளை தள்ளியதா, இல்லை வெளிச்சம் கூசி வலி மட்டுமா? பீளை இல்லாமல் ஒரு கண்ணில் வலியும் கூச்சமும் என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்; யுவைட்டிஸ் பார்வையையே பறிக்கும்.

பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். நம் கூட்டமான ஓ.பி.யில் யார் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள்? தலைமுடியை விலக்கிப் பாருங்கள். தொப்புள், பிட்டப் பிளவு பாருங்கள். சொரியாசிஸ் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. நகத்தில் ஊசியால் குத்தியது போல் குழிகள் உண்டா? ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்கி நிற்கிறதா? வயிற்றுப்போக்கோ சிறுநீர் எரிச்சலோ வந்து ஒன்று முதல் நாலு வாரத்தில் முழங்கால் வீங்கினால் அது ரியாக்டிவ் வாதமாக இருக்கலாம். ஆனால் ஒற்றை மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், முதலில் ஊசி போட்டு நீரை எடுத்துச் சீழா என்று பாருங்கள். மற்ற யோசனை எல்லாம் அப்புறம். நம் ஊரில் சிக்குன்குனியாவையும் காசநோயையும் மறந்து எந்த மூட்டையும் பார்க்க முடியாது.

கைச் சிறு மூட்டுகளில் வீக்கம், காலை விறைப்பு, இரண்டு ரத்தப் பரிசோதனையும் – ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்ட்டி சி.சி.பி.யும் – நெகடிவ். இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-ல் வந்த வகைப்பாட்டு விதிகளில் பத்துக்கு ஆறு மதிப்பெண் வேண்டும். ரத்தம் நெகடிவ் என்றால் அந்தப் பகுதிக்கு பூஜ்யம். நாலு முதல் பத்துச் சிறு மூட்டுகளுக்கு மூன்று, ஆறு வாரத்துக்கு மேல் ஆனதற்கு ஒன்று, சி.ஆர்.பி. கூடியதற்கு ஒன்று. மொத்தம் ஐந்து. ஒரு மார்க்கில் ஃபெயில்! பத்து மூட்டுக்கு மேல் பாதித்தால்தான் பாஸ். அதற்காக எட்டு மூட்டு வீங்கிய அம்மாவை, "இன்னும் மூணு வீங்கட்டும், வாங்க" என்று அனுப்பலாமா? அந்த விதிகள் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க எழுதியவை. நோயை முடிவு செய்வது உங்கள் கையும் கண்ணும். சந்தேகமிருந்தால் அல்ட்ராசவுண்டில் மூட்டுச் சவ்வைப் பார்க்கலாம். முதுகானால், எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்காகும், எம்.ஆர்.ஐ. முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். எச்.எல்.ஏ.பி 27-ஐ மட்டும் வைத்து யாருக்கும் நோய் கட்டாதீர்கள். அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுசுக்கும் சுகமாக இருப்பார்கள்.

சிகிச்சைக்கு வருகிறேன். முதுகெலும்பு வாதத்துக்கு முதல் மருந்து இன்றும் உடற்பயிற்சியும் நாப்ராக்சன், இண்டோமெதசின் வகை வலி நிவாரணிகளும்தான். சிறுநீரகத்தையும் வயிற்றையும் கவனித்துக்கொண்டு முழு அளவில் கொடுக்க வேண்டும். சிகரெட்டை விடச் சொல்ல வேண்டும். சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் கை கால் மூட்டுகளுக்கு உதவும், முதுகுக்கு உதவாது. மெத்தோட்ரெக்சேட் எழுதும்போது 'வாரம் ஒருமுறை' என்பதோடு கிழமையையும் தமிழில் எழுதுங்கள். தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு வற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு அது கூடவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை முதுகெலும்பு வாதத்துக்குப் பலன் தராது. சொரியாசிஸ்காரர் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தோல் கொந்தளித்துவிடும். பெயர் போடாத பொட்டலப் பொடியில் என்ன இருந்தது என்று நாம் பின்னால்தான் தெரிந்துகொள்கிறோம்.

இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள், ஐ.எல். 17 தடுப்பு ஊசிகள் இருக்கின்றன. என் நண்பனுக்கு அது வெகு தாமதமாகத்தான் கிடைத்தது. 2014 கடைசியில் அடலிமுமாப் ஊசி இந்தியத் தயாரிப்பாக வந்தபிறகுதான் விலை அவன் கைக்கு எட்டியது. அதற்கு முன் மேன்டூ பார்த்தோம், பாசிடிவ். டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் உறங்குகிற காசநோய் எழுந்துகொள்ளும். ஆகவே முதலில் ஐசோநயாசிட், ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு போன் செய்தான். "டேய், நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கிட்டேன்டா" என்றான். முப்பத்திரண்டு வருஷம் கழித்து! வலி போனது. ஒட்டிய எலும்பு பிரியவில்லை. கழுத்தைத் திருப்ப மாட்டான், உடம்போடு திரும்புவான். மயக்க மருந்து நிபுணர் அவன். "எனக்கு ஆபரேஷன்னா தொண்டையில குழாய் போட நானே வந்தாதான் உண்டு" என்பான். நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பேன்.

மாணவர்களே, நான் ஒரு டேப் கொண்டுவந்திருக்கிறேன், தையல்காரர் டேப்தான். முதுகின் கீழே இரண்டு குழிகளையும் சேர்க்கும் கோட்டில் ஒரு புள்ளி, அதற்கு 10 செ.மீ. மேலே ஒரு புள்ளி. முழங்கால் மடக்காமல் குனியச் சொன்னால், இளவயசில் நல்ல முதுகுக்கு அந்த 10, 15-ஐத் தொடும். 1937-ல் ஷோபர் சொன்ன சோதனை. ஒரு நிமிட வேலை. பத்தே முக்காலுக்கு டீ. அப்போது மேடைக்குப் பக்கத்து அறைக்கு வாருங்கள். நண்பன் சட்டையைக் கழற்ற ஒப்புக்கொண்டிருக்கிறான். அவனுடையது பத்தேகால்தான் வரும். அடுத்து உங்களில் ஒருவர் முதுகு. இரண்டையும் நீங்களே அளந்து பாருங்கள்.