வி.பி.என்.: யாரை நம்பி ஒப்படைக்கிறோம்?

(கணினி விழிப்புணர்வுக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் அரக்கோணத்தில் வி.பி.என். என்ற சொல் இரண்டு வகை வீடுகளில் கேட்கிறது. ஒன்று, சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடு. மற்றொன்று, வளைகுடாவில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேச ஏங்கும் வீடு. இரு வீட்டாரும் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறோம்.

வி.பி.என். என்பது நம் கணினியிலிருந்து வேறொரு கணினி வரை போடும் மூடிய குழாய் போன்றது. இடையில் இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் மறுமுனையை நடத்துபவர், நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று அறியலாம். ஆகவே இது ஓர் அமானிதம். யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனி வேலைக்கு, கம்பெனி தரும் மென்பொருளையே போடுங்கள். மென்பொருள் தராமல் விவரம் மட்டும் தந்தால், விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வி.பி.என். என்று போய், ‘ஆட் வி.பி.என்.’ அழுத்தி, அவர்கள் தந்த சர்வர் முகவரி, வகை, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பிழையின்றி நிரப்புங்கள்.

இணைப்பு வராவிட்டால் வரிசையாகப் பாருங்கள். வி.பி.என். இல்லாமல் இணையம் வருகிறதா? கணினியின் தேதியும் நேரமும் சரியா? முகவரியில் எழுத்தோ இடைவெளியோ தவறியதா? வேறொரு வி.பி.என். கூடவே ஓடுகிறதா? பிறகு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வந்தால், கோளாறு பெரும்பாலும் வீட்டு ரவுட்டரிலோ இணையச் சேவையிலோ இருக்கும். வி.பி.என். துண்டித்ததும் இணையமே நின்றால், ‘கில் ஸ்விட்ச்’ என்ற அமைப்பு காரணமாக இருக்கலாம். எதற்காகவும் ஃபயர்வாலை அணைத்துவிடாதீர்கள். கம்பெனியின் உதவிப் பிரிவைக் கேளுங்கள்.

இலவசம் என்று வருவதில்தான் ஆபத்து. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை ‘911 எஸ்5’ என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., ஷைன் வி.பி.என். முதலான இலவச மென்பொருள்களைப் போட்டவர்களின் கணினி இணைப்பு, அவர்களுக்கே தெரியாமல் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. சிக்கியவை 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள். எவனோ செய்த மோசடிக்கு நம் வீட்டு முகவரி தடயமாக நின்றால் என்ன ஆவது? அப்பெயர்கள் உங்கள் கணினியில் இருந்தால் உடனே நீக்கி, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வளைகுடா வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சுக்கு நெடுங்காலமாகத் தடை உண்டு. அங்கே 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டப்படி, போலி இணைய முகவரியால் குற்றம் செய்தாலோ மறைத்தாலோ சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கம்பெனி வேலைக்கான வி.பி.என். வேறு, தடையைத் தாண்டப் போடுவது வேறு. இங்கிருந்து நாம் “வி.பி.என். போட்டுக் கூப்பிடுங்கள்” என்று வற்புறுத்தினால், அதன் சுமை அங்கே உழைப்பவர் தலையில் விழும். போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியில் பேசுங்கள். படம் சற்று மங்கலாக வந்தால் பரவாயில்லை, அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால், எதையும் இறக்குவதற்கு முன்பே நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.

வஸ்ஸலாம்.