அடைக்கலம் யாரிடத்தில்?

(கன்னிவாடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அடைக்கலம் என்பதாகும். "ஜாதி வேண்டாம் என்கிறீர்கள், புரோகிதம் வேண்டாம் என்கிறீர்கள், அதெல்லாம் சரி. கடவுளையும் எடுத்துவிட்டால் கதியற்றவன் எங்கே போய் நிற்பான்?" என்று நம்மைப் பலபேர் கேட்கிறார்கள். இது குதர்க்கமான கேள்வியல்ல. கடனிலும் நோயிலும் பயத்திலும் கிடந்து புழுங்கின மனிதனுக்கு இந்தக் கேள்வி உண்டாவது இயற்கையே. ஆதலால் இதை ஏளனம் செய்து தள்ளாமல், சாவகாசமாக ஆராய்ந்து பதில் சொல்லவேண்டியது அவசியமாகும்.

மனிதனுக்கு அடைக்கலம் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. நம் ஆராய்ச்சியெல்லாம் அது யாரிடத்தில் கிடைக்கிறது, கொடுப்பவன் அதற்கு ஜவாப்தாரியா என்பதைப் பற்றியதுதான்.

பக்தி நூல்களைப் புரட்டினால் எங்கு பார்த்தாலும் அடைக்கலப் பேச்சுத்தான். திருவாசகத்தில் அடைக்கலப்பத்து என்று ஒரு பகுதியே இருக்கிறது. இராமாநுசர் சரணாகதி கத்யம் என்று வடமொழியில் எழுதினார். கிறிஸ்தவர்களின் சங்கீதங்களில் கடவுளைக் கோட்டையென்றும் கன்மலையென்றும் சொல்லியிருக்கிறது. குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களும் தீமையிலிருந்து பாதுகாவல் தேடுவதைப் பற்றியவையே. ஆகவே இது ஒரு மதத்தின் சங்கதியல்ல. பயந்த மனிதன் எங்கேயும் ஒரே மாதிரிதான் அழுதிருக்கிறான். அந்த அழுகை நிஜம். அதை நாம் பரிகசிக்க மாட்டோம். அழுகிறவனுக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பாட்டுகளின் பாஷையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆண்டவன், அடியேன், உடையவன், ஆட்கொள்ளுதல், திருவடி. இவையெல்லாம் எங்கேயிருந்து வந்த வார்த்தைகள்? உங்கள் கன்னிவாடி ஒரு காலத்தில் பாளையமாகவும் பிறகு ஜமீனாகவும் இருந்த ஊர். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடினவர் தம் கண்ணெதிரில் அரசனையும் அடிமையையும்தான் பார்த்தார். ஒருவன் பிழைக்க வேண்டுமானால் இன்னொருவன் காலில் விழவேண்டும் என்பதைத்தான் பார்த்தார். அதே மாதிரியில் கடவுளையும் செய்துகொண்டார்.

1948-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு குடியானவன் பட்டாவுக்காக யார் காலைப் பிடிக்க வேண்டும்? காலைப் பிடித்து வாங்குவது தயவு. சட்டப்படி வாங்குவது உரிமை. தயவைக் கொடுத்தவன் நாளைக்கே பிடுங்கிக் கொள்ளலாம். ஏன் என்று கேட்க முடியாது. உரிமையைப் பிடுங்கினால் கேட்கலாம். நிலத்து ஜமீன் போன பிறகும் மேல்லோகத்து ஜமீனுக்கு மாத்திரம் நாம் இன்னும் தெண்டனிட்டுக் கொண்டிருக்கிறோம்.

சரணாகதி செய்வது எப்படி என்பதிலேயே வைணவர்களுக்குள் இரண்டு கட்சி. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்வது போலப் பக்தனும் பற்றிக்கொள்ள வேண்டும் என்பார் வடகலையார். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவது போலக் கடவுளே காப்பாற்றுவார், நீ சும்மா இரு என்பார் தென்கலையார். நல்லது. ஆனால் காஞ்சிபுரத்தில் கோயில் உரிமைகளைப் பற்றி இவர்களுக்குள் தகராறு வந்தபோது என்ன செய்தார்கள்? குரங்குக்குட்டியாரும் பெருமாளிடம் போகவில்லை. பூனைக்குட்டியாரும் சும்மா இருக்கவில்லை. இரு கட்சியாரும் வக்கீல் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். நிஜமான ஆபத்துக்கு எங்கே போகவேண்டுமென்பது சரணாகதி உபதேசம் செய்தவர்களுக்கே நன்றாய்த் தெரிந்திருக்கிறது!

சாமிக்கே ஆபத்து வந்தால்? 1323-ம் வருஷத்தில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மேல் வந்தது. அடைக்கலம் தருகிற அரங்கநாதரின் உற்சவ விக்கிரகத்தை, சரணாகதியைப் பற்றி நூல்கள் எழுதின பிள்ளை லோகாசாரியாரும் மற்றவர்களும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லோகாசாரியார் வழியிலேயே மதுரைப் பக்கத்தில் இறந்துபோனார். விக்கிரகம் காடுமலையெல்லாம் ஒளிந்து திரிந்து, 1371-ல்தான், அதுவும் விஜயநகரத்துப் படையின் பலத்தால், ஊர் திரும்பிற்று. சிதம்பரத்து நடராசர் 1648 முதல் 1686 வரை ஊரைவிட்டுப் போய் இருந்தார். இவையெல்லாம் நாம் கட்டின கதைகளல்ல. கோயில்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிற சரித்திரம். இதில் யார் யாருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள்? சாமி மனிதனுக்குக் கொடுத்தாரா, மனிதன் சாமிக்குக் கொடுத்தானா?

இது நிற்க. அடைக்கலம் எல்லோருக்கும் பொதுவாகவாவது இருந்ததா? இராமாயணத்தில் விபீஷணன் இராமனிடம் சரணடைந்தான். கம்பர் அதற்கென்று ஒரு படலமே பாடியிருக்கிறார். விபீஷணன் இலங்கையின் இரகசியங்களைக் கொண்டு வந்தான், இராச்சியத்தையும் பெற்றான். வால்மீகி பேரால் வழங்கும் உத்தர காண்டத்தில் சம்பூகன் என்கிற சூத்திரன் தவம் செய்தான். அவனும் கடவுளைத் தேடினவன்தான். அவனுக்குக் கிடைத்தது வாள்வெட்டு. பெரியபுராணத்து நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்டார். மற்றவர்கள் வாசல் வழியாய்ப் போனார்கள். நந்தனார் நெருப்பு வழியாய்ப் போகவேண்டியிருந்தது. புகலிடத்தின் கதவிலேயே ஜாதி உட்கார்ந்திருந்தால் அதற்குப் புகலிடம் என்று பேர் வைப்பானேன்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ந்தேதி. கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணத்தில் பொதுச்சட்டம் வந்தது 1947-ல். ஆயிரம் வருஷத்துப் பதிகங்கள் திறக்காத கதவை மனிதர்களின் கிளர்ச்சியும் சட்டமும் திறந்தன.

அப்படியானால் தமிழ்க் காவியங்களில் மெச்சத்தக்க அடைக்கலமே இல்லையா என்றால், இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்று ஒரு பகுதி. மதுரைக்கு வெளியே கண்ணகியைக் கவுந்தியடிகள் ஓர் இடைச்சியிடம் ஒப்புவிக்கிறார். அவள் பேர் மாதரி. அவள் அரசியல்ல, தெய்வமல்ல. பால் தயிர் விற்கிற குலத்துக் கிழவி. அவள் கண்ணகியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், இடம் கொடுத்தாள், சமைக்கப் பாத்திரமும் பண்டமும் கொடுத்தாள். தெண்டனிடு என்று சொல்லவில்லை. பிறகு கோவலன் கொலையுண்டான்; கண்ணகியும் போய்விட்டாள். தன்னிடம் ஒப்புவித்த அடைக்கலத்தைக் காக்கத் தவறிவிட்டோமே என்று மாதரி தீயில் விழுந்து செத்தாள் என்று காவியம் சொல்லுகிறது.

தீயில் விழுவதை நாம் ஆதரிக்கவில்லை. அதைச் செய்யவேண்டுமென்று எவருக்கும் சொல்லவும் மாட்டோம். ஆனால் அதிலுள்ள கருத்தைப் பாருங்கள். அடைக்கலம் கொடுத்தவள் அதற்குத் தான் ஜவாப்தாரி என்று நினைத்தாள். தன்னை நம்பினவர்களைக் காக்கத் தவறியதற்காக எந்தச் சாமியாவது இதுவரை ஜவாப்தாரியாகியிருக்கிறதா? பக்தன் பிழைத்தால் சாமியின் கருணை. செத்தால் பக்தனின் கர்மம். இரண்டு பக்கமும் இலாபமே வரும்படியாக இப்படி ஒரு வியாபாரத்தை நம் திண்டுக்கல் சந்தையில் எவனாவது நடத்தினால் சும்மா விடுவோமா?

இங்கிலாந்து தேசத்தில் பழைய காலத்தில், குற்றம் செய்தவன் மாதா கோயிலுக்குள் ஓடிவிட்டால் நாற்பது நாள் வரையில் அவனைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. ஆனால் 1170-ல் காண்டர்பரியில் ஆர்ச்பிஷப் பெக்கெட் என்கிற தலைமைக் குருவையே, கோயிலுக்குள்ளேயே வைத்து, அரசனின் வீரர்கள் வெட்டினார்கள். அந்தப் பழைய சட்டத்தை 1624-ல் எடுத்துவிட்டார்கள். கோயில் சுவர் மனிதனைக் காத்த காலத்திலும், காத்தது சுவருக்குப் பின்னாலிருந்த சட்டமும் ஜனங்கள் அதற்குக் கொடுத்த மதிப்புமேயல்லாமல் உள்ளேயிருந்த தெய்வமல்ல என்பது இதனால் விளங்கும்.

நம் காலத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து நவாலியில் 1995 ஜூலை 9-ந்தேதி, யுத்தத்துக்குப் பயந்து வந்த ஜனங்கள் புனித பேதுரு தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தபோது ஆகாய விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு மலைக்கோயிலில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆணும் பெண்ணும் ஓருடலில் சரிபாதி என்று சொல்லப்படுகிற அர்த்தநாரீசுவரர் கோயில் அது. அங்கே தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு வாலிபர், பொறியியல் படித்தவர், வேறு ஜாதிப் பெண் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். ஜாதி வெறியர்கள் அந்த இடத்திலிருந்தே அவரைக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரயில் பாதையில் பிணமாய்க் கிடந்தார். கோயிலில் வைத்திருந்த காமிராவில் பதிந்த படங்கள் வழக்கில் முக்கியமான சாட்சியாயின. 2022-ல் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரே கோயிலில் ஒரு சிலையும் ஒரு காமிராவும் இருந்தன. எது சாட்சி சொல்லிற்று என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"சட்டம் மட்டும் எல்லாரையும் காப்பாற்றிவிட்டதா?" என்று கேட்பீர்கள். இல்லை. 1968 டிசம்பர் 25-ந்தேதி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட ஏழைகளின் பெண்டு பிள்ளைகள் ஒரு குடிசையை நம்பி ஒண்டினார்கள். 44 பேரை அந்தக் குடிசையோடு கொளுத்தினார்கள். நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் பிறகு விடுதலை செய்துவிட்டது. சட்டம் தவறுகிறது, கொடுமையாகவே தவறுகிறது. ஆனால் சட்டம் தவறினால் அதன் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். தீர்ப்பை விமர்சிக்கலாம், அப்பீல் செய்யலாம், சட்டசபையில் மாற்றலாம். சாமி தவறினால் எந்தக் கச்சேரியில் கேட்பது?

"கடவுளை நினைத்தால் மனதுக்காவது ஆறுதல் கிடைக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். பசித்த குழந்தைக்கு விரலைச் சூப்பக் கொடுத்தாலும் சற்று நேரம் அழுகை நிற்கும். அதற்காக விரலைப் பாலென்று சொல்லலாமா? தாய் பால் கொடுக்க வரவேண்டிய நேரத்தை அது தள்ளிப்போடுகிறது என்பதுதான் நம் ஆட்சேபணை.

அகதி என்கிற வார்த்தையைப் பாருங்கள். சரணாகதி என்பதற்கு ஓசையில் கிட்ட இருந்தாலும் பொருள் வேறு. அகதி என்றால் கதியில்லாதவன். 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்த ஈழத்துத் தமிழர்களை நாம் அப்படித்தான் அழைத்து வந்தோம். 2021-ல்தான் அவர்கள் இருக்கும் இடங்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பேர் மாற்றிற்று. இதோ நம் திண்டுக்கல் பக்கத்துத் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் அவர்களுக்கு 321 வீடுகள் கட்டித் திறந்தார்கள். செங்கல்லும் சிமிட்டியும் கொண்டு மனிதன் மனிதனுக்குக் கொடுத்த அடைக்கலம் அது. ஆனால் வீடு கிடைத்தவர்களில் பலருக்கு இந்நாட்டுப் பிரஜை என்கிற உரிமை கிடைக்கவில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. அகதிகளைப் பற்றிய 1951-ம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவுமில்லை. ஆகவே தயவு கிடைத்திருக்கிறது, உரிமை பாக்கியிருக்கிறது. இதைக் கேட்டு வாங்கவேண்டியது கோயிலிலல்ல.

தோழர்களே! நாம் வீண் கண்டனம் செய்துவிட்டுப் போக வரவில்லை. கன்னிவாடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஜாதி விட்டு ஜாதி விரும்பிய வாலிபர்களும் பெண்களும் பயந்து நடுங்கும் நாள் இன்னும் வருகிறது. சாமி சன்னிதியில் தாலி கட்டிக்கொண்டால் தப்பிவிடலாம் என்று ஓடுகிறார்கள். துரத்துகிறவனும் அதே சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அரிவாளோடு வருகிறான். 1967-ல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் இந்நாட்டில் செல்லும். இப்படிப்பட்டவர்களைக் காப்பதற்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் உத்தரவிட்டது. காப்பகங்கள் அமைப்பதைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. ஏட்டிலிருக்கும் இந்த உத்தரவு நடக்கிறதா என்று கேட்கவேண்டியது உங்கள் வேலை.

ஆகையால், அப்படி ஒருவர் உங்கள் கதவைத் தட்டினால் முதலில் கதவைத் திறவுங்கள். என்ன ஜாதி என்று கேளாதீர்கள். பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிரம்பியிருக்கிறதா என்பதற்குச் சான்றுகளைப் பாருங்கள். தனியாக அனுப்பாமல் நாலு பேராய்க் கூடப் போய் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து இரசீது வாங்குங்கள். வயது நிரம்பாத பிள்ளைகளாயிருந்தால் அவர்களைக் கலியாணத்துக்குத் தள்ளாமல், அடிப்பவர் கைக்கும் விடாமல், அதிகாரிகள் மூலம் பாதுகாப்புக் கேளுங்கள். ஊரில் நாலு வீடாவது இந்த வேலைக்குத் துணிந்து முன்வரவேண்டும். உங்களில் யார் யார் தயாராயிருக்கிறீர்களோ அவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பேர் கொடுக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.