புது லெட்ஜர் போடும்போது
(ஆவடி கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம குழுவில் பழைய லெட்ஜர் முடிஞ்சா என்ன செய்றோம்? ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் பாக்கியைப் புது லெட்ஜரில் ஏத்துறோம். இல்லேன்னா சண்டைதான்!

அது மாதிரி வேலையை எல்.ஐ.சி. பெரிய அளவில் கையில் எடுத்திருக்கு. 1956-இல் தொடங்கிய நிறுவனம், கோடிக்கணக்கான பாலிசிகள். ‘டைவ்’ என்ற திட்டத்தின்கீழ் புதிய டிஜிட்டல் தளம் அமைக்கும் பொறுப்பை 2024-இல் இன்ஃபோசிஸிடம் கொடுத்தது.

கம்ப்யூட்டர் புதுசானாலும் பழைய தப்பு தானாகத் திருந்தாது. அதைச் சொல்ல வேண்டியது நாமதான்.

எங்க அக்கா வீட்டுக்காரர் தவறினப்போ, பாலிசியில் நாமினி அவரோட அம்மா. அந்த அம்மா காலமாகி வருஷக்கணக்கு ஆச்சு. பேரை மாத்த யாருக்கும் தோணலை. கைக்குழந்தையோட அக்கா வாரிசு சான்றிதழுக்கு ஏழு மாசம் அலைஞ்சாங்க.

அதனால இந்த வாரமே டிரங்குப் பெட்டியில் இருக்கிற பாலிசியை எடுங்க. பேர், பிறந்த தேதி, செல்போன் நம்பர், நாமினி, பேங்க் கணக்கு – அஞ்சையும் பாருங்க. தப்பிருந்தா கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. ஒப்புகை வாங்காம வராதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் பார்த்தீங்கன்னு கேட்பேன். கை தூக்கணும், சரியா?