பல் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐயம்பேட்டை மாதிரியான நெசவு ஊர்களில், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடும் பெரியவர்கள் நிறையப் பேர். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பல்லைக் காட்டப் போகும்போது அந்த மாத்திரைச் சீட்டை யார் எடுத்துப் போகிறோம்? பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறோம்.

சம்பந்தம் உண்டு. பிரஷருக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின், சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடாயினாலும் இது நடக்கும். அந்த மருந்து புழக்கத்துக்கு வந்த மறு வருஷமே, 1939-ல், டாக்டர்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் வலிக்காது. மெல்ல மெல்ல ஈறு பல்லின் மேல் ஏறும், துலக்கினால் ரத்தம் கசியும். பல்லிடுக்கில் அழுக்கு தங்கத் தங்க வீக்கம் கூடும். அதனால் பல் டாக்டரிடம் சுத்தம் செய்துகொண்டாலே பலருக்குக் குறையும். குறையாவிட்டால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். மாற்ற வேண்டியவர் மாத்திரை கொடுத்த டாக்டர். பிரஷர் மாத்திரையை நாமாக நிறுத்தினால் ஈறு தப்பலாம், ஆனால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம்.

இன்னொரு தொல்லை வாய் உலர்வது. நமக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. பல்லை அரிக்கும் புளிப்பைக் கழுவிவிடுவது அதுதான். அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை எல்லாம் அந்த ஊற்றைக் குறைக்கும். சுகர் ஏறினாலும் வாய் காயும். தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்காது. ஈறோரத்தில் வரிசையாகச் சொத்தை விழும். குழித்தறியில் இறங்கி நெய்ய உட்கார்ந்தவருக்கு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க மனசு வராது. டீ மட்டும் எப்படியோ வந்துவிடும்! காய்ந்த வாய்க்குச் சர்க்கரை டீயும் புளிப்பு மிட்டாயும் விஷம். தறிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் வைத்து அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள். தூக்கத்தில் எச்சில் இன்னும் குறையும் என்பதால், இரவில் ஃபுளோரைடு பற்பசை போட்டுத் துலக்காமல் படுக்காதீர்கள். எச்சில் ஊறட்டும் என்று புகையிலை அடக்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில் இல்லை.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியலாம்; அது பூஞ்சை.

பல் பிடுங்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டியவை மூன்று. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறீர்களா? அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பைக் கெட்டிப்படுத்த ஊசி போட்டிருக்கிறீர்களா, முகத்திலோ கழுத்திலோ கதிர் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் அதையும் சொல்லுங்கள்; பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமலே போகலாம். அப்படிப்பட்ட சிகிச்சை இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்றால், ஆடும் பல்லையும் சொத்தைப் பல்லையும் அதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.